நோன்பு மாசத்துல அம்பத்தேழு கிலோ

எனக்குச் சரியான எடை அறுபது கிலோ. அது எனக்கும் தெரியும், எனக்கு பொக்சிங் பழக்கின நானாவுக்கும் தெரியும். கூடப்பிறந்த மூத்தவரு, மாத்தளை டவுன்ல ஒரு ஹாட்வெயார் கடையில நிக்கிறவரு. ஆனா அந்த வருஷப் போட்டியில அறுபதுல பட்டாளத்து ஆமிக்காரன் ஒருத்தன் இறங்குறான்னு கேள்விப்பட்டதும் மனுஷனுக்குத் தூக்கம் போச்சு.

ரெண்டு பேரும் ஃபோன்ல வீடியோவப் போட்டுப் போட்டுப் பார்ப்போம். ஆமிக்காரன் இடதுகைக்காரன், கை நீளம், கிட்ட விடமாட்டான். வயித்துல ஒரு அடி விழுந்தா சுருண்டுடுவான், ஆனா வயிறு வரைக்கும் போறது யாரு? அம்பத்தேழுல கலேவெல ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தான். கை வேகம், ஆனா அவசரக்காரன். மூணாவது ரவுண்டுல வாயைப் பொளந்து மூச்சு வாங்குவான்.

"இவன்தான் உனக்கு. ரெண்டு ரவுண்ட் தாங்கு, மூணாவதுல மடக்கிடலாம்"னாரு நானா.

மூணு கிலோ இறக்கணுமே? அதுக்கு அவரு கவலையே படல்ல. "நோன்பு வருதுதானே, தானா இறங்கும்."

அந்தப் போட்டியில ஜெயிச்சாத்தான் கொழும்புல ஒரு கம்பெனி டீம்ல எடுப்பாங்க, வேலையோட. இருபத்தஞ்சு தாண்டினவனை எடுக்க மாட்டாங்க. எனக்கு அதுதான் கடைசி வருஷம்.

நோன்புல எடை இறங்குமாம். சொன்ன மனுஷன் தினமும் எனக்குப் பக்கத்துல குந்தித்தானே நோன்பு திறக்கிறாரு! உம்மாவோட கஞ்சி, மேல்வீட்டு ராத்தா அனுப்புற சமோசா, பக்கத்து வீட்டு வட்டிலப்பம். நோன்பாளிக்கு அனுப்பினதைத் திருப்பி அனுப்ப ஏலுமா? பாதி மாசத்துல தராசுல ஏறினா, அரைக் கிலோ கூடியிருக்கு.

அன்னையில இருந்து கஞ்சியும் இல்ல, விடிய முந்தித் திங்கிற சஹரும் இல்ல. மஃரிபுக்கு நோன்பு திறக்க ஒரு ஈத்தம்பழம், ஒரு மிடறு தண்ணி. உம்மா அழுதாங்க. கடைசியில வேர்த்து எடை இறங்கட்டும்னு மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு வெயில்ல ஓடினேன். திரும்பி வர்றப்ப சுவரைப் பிடிச்சுத்தான் நடந்தேன். பயமா இருந்துச்சு, சத்தியமா. ஆனா பேரு அம்பத்தேழுல குடுத்தாச்சு.

போட்டியன்னைக்கு எடை சரியா நின்னுச்சு. நானா என்னைக் கட்டிப் பிடிச்சாரு.

முதல் ரவுண்ட் எனக்கு. ரெண்டாவது இழுபறி. மூணாவது மணி அடிச்சதும் கலேவெலக்காரன் வாயைப் பொளந்தான், நானா சொன்ன மாதிரியே. மூஞ்சிய மறைச்ச கை இறங்கிடுச்சு. இப்ப அடிக்கணும். என் கை எழும்பல்ல. தோள்ல சீமெந்து மூட்டை வச்ச மாதிரி. கயித்துல சாஞ்சு நின்னேன். அவன் களைச்சுக் களைச்சு அடிச்சான், ரெஃப்ரி வந்து நிப்பாட்டினாரு.

வர்ற வழியில நானா, "அடுத்த வருஷம் அறுபதுலயே போடுவோம்"னாரு. இருபத்தஞ்சு தாண்டின என்னை அடுத்த வருஷம் யாரு எடுப்பாங்க? அது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்குள்ள போறப்ப நோன்பு திறக்கிற பாங்கு சொல்லிட்டாங்க. உம்மா பெரிய கோப்பையில கஞ்சிய நிறைச்சு ஊத்தி என் முன்னால வச்சாங்க.

"இனி எடை பார்க்கத் தேவையில்லதானே. குடிங்க மகன்."

குடிச்சேன். இன்னொரு கோப்பையும் ஊத்தச் சொன்னேன்.