பத்து நட்டுகள்

தெருவில் அவருக்கு அரைமில்லி என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் முப்பத்தொரு வருடம் லென்ஸ் தேய்த்தவர். எதிலும் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் மனுஷனுக்குத் தூக்கம் வராது. அந்தப் பெயரை வைத்ததே அவர் மனைவிதான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக் காருக்குப் பத்தொன்பது வயது. இத்தனை காலத்தில் ஒரு மெக்கானிக்கின் கை அதன்மேல் பட்டதில்லை. ஆயிலோ பெல்ட்டோ பிளக்கோ, எதுவானாலும் வாசலில் வைத்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக மாற்றிவிடுவார்கள். அவர் வண்டிக்கடியில் கிடப்பார். அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுப்பாள், கூடவே வாயும் கொடுப்பாள்.

சக்கரம் கழற்றும் நாட்களில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. நட்டுகளைத் தளர்த்தியதும் வீல் ஸ்பேனரைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். வண்டி ஜாக்கியில் நிற்கிறவரை அவர் நட்டுகளைக் கையால்தான் திருக வேண்டும். கார் தரையில் இறங்கிய பிறகே ஸ்பேனர் கைக்கு வரும். அவர் அழுத்தி இறுக்க இறுக்க அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்துப் பத்து. ஒரு தடவை ஒன்பதிலேயே எழுந்துவிட்டவரைச் சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் அழவில்லை. அடக்கிக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காரே" என்று சொந்தக்காரர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் போய் முணுமுணுத்தது அவர் காதில் விழத்தான் செய்தது. விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே மகள் இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இனி கார் அவளுக்கு என்று முடிவாகியிருந்தது. சனிக்கிழமை வந்து எடுத்துப் போவதாக இருந்தாள். முன் பிரேக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்ததால், "பிரேக் பேடு மாத்தி வெச்சிடறேன்" என்று அவர் போனில் சொல்லியிருந்தார்.

உதிரிபாகக் கடைக்காரருக்கு அரைமில்லியைக் கண்டாலே பயம். போன தடவை கழற்றிய பழைய பேடைப் பத்திரமாகக் கொண்டுவந்து, புதுசோடு முதுகோடு முதுகு வைத்துப் பார்த்து, வெர்னியர் அளவுகோலால் அளந்து, ஒரு மணி நேரத்துக்குக் கவுண்டரைக் குத்தகைக்கு எடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமையும் அதே கதைதான் என்று எண்ணிக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது கெட்டி சார், நாள் உழைக்கும். ஆனா டிஸ்க்கைத் தின்னும், சத்தமும் போடும். இது கொஞ்சம் சாஃப்ட். சீக்கிரம் தேயும், ஆனா கால் வெச்சதும் பிடிக்கும். அக்கா எப்பவும் இதைத்தானே சொல்வாங்க. எங்க, அக்காவைக் காணோம்?"

"அவ இறந்துட்டா. அஞ்சு மாசமாச்சு. ரெண்டுல எதையாவது குடுங்க."

சாவுச் செய்தியோடு 'எதையாவது' என்ற சொல்லும் சேர்ந்து கடைக்காரரைத் தூக்கிவாரிப் போட்டது. தானே வெர்னியரைத் தேடி எடுத்து, அரைமில்லி கொண்டுவந்திருந்த பழைய பேடை அளந்து பார்த்தார். அக்கா சொல்லும் பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தார். அரைமில்லி பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை மகள் வந்து உள்ளே துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருக்க, அவர் வாசலில் வேலையைத் தொடங்கினார். கைகளுக்கு வேலை தெரியும். மனசு கூடவே இருக்க வேண்டிய அவசியமில்லை. நட்டுகளைத் தளர்த்தினார். ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தார். பேடைக் கவ்வியிருக்கும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டார், பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு உள்ளே தள்ளினார், புதுப் பேடுகளை உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் முடிந்ததும் சக்கரங்களை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, வண்டியைத் தரைக்கு இறக்கினார். பிறகு திரும்பிப் பார்க்காமலே வலது கையைப் பின்னால் நீட்டினார்.

கை சிறிது நேரம் அப்படியே நின்றது. யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

"அப்பா, ஆச்சா?" என்று மகள் பையோடு வெளியே வந்தாள்.

"ஆச்சு." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். "புது பேடு, கொஞ்ச தூரத்துக்கு மெதுவா போ. ஓட்டும்போது போனைத் தொடாதே."

"மெயின் ரோடு முக்குல பெட்ரோல் போட்டு, காத்து பிடிச்சிட்டுக் கிளம்பறேன்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க நல்லாருக்கீங்களாப்பா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

கார் தெருமுனை திரும்பியது. அவர் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினார். ஜாக்கி, ஸ்டாண்டு, கிளாம்ப், கம்பி. வீல் ஸ்பேனரைக் காணவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். அது பிளாஸ்டிக் முக்காலியின் மேல் இருந்தது. காலையில் முக்காலியைக் கொண்டுவந்து போட்டதும் அவர்தான், நட்டுகளைத் தளர்த்தியதும் ஸ்பேனரை அதன்மேல் வைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு அதை அவர் தொடவே இல்லை.

பத்து நட்டும் வெறும் விரல் இறுக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. நெடுஞ்சாலையில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. தொடாதே என்று சொன்னது அவர்தானே.

ஓடினார். அளந்து அளந்து நடக்கும் மனுஷன் ஒற்றைச் செருப்போடு, கையில் ஸ்பேனரோடு ஓடுவதைப் பார்த்துத் தெருவில் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஐந்து மாதமாக மரத்துக் கிடந்த நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமாக இருந்தது. வலித்தது.

பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கும் வரிசையில் மகளுக்கு முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. அவர் சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டார். முதல் நட்டு விரலோடு சுற்றியது. இறங்கி வந்த மகளின் முகம் வெளுத்துப்போயிற்று.

"இறுக்கலையாப்பா?"

"இல்லம்மா. நான் இறுக்கறேன். நீ எண்ணு."

"என்ன?"

"எண்ணு. சத்தமா."

அவள் எண்ணினாள். ஐந்து முடிந்ததும் அவர் முழங்காலாலேயே அந்தப் பக்கம் போனார். ஒன்பதில் சற்று நின்றார், பிறகு பத்தையும் இறுக்கினார். எழுந்திருக்கவில்லை. ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு டயரில் தலையைச் சாய்த்தார்.

"அம்மா போயிட்டாம்மா," என்றார், அப்போதுதான் யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனதுபோல. வாய்விட்டு அழுதார்.

பின்னால் நின்ற வண்டி ஹார்ன் அடித்தது. மகள் அதற்குக் கையைக் காட்டிவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.