கொட்டகைக் கிராணியின் படங்கள்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு பெண் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். குள்ளமான உருவம். ஆண்கள் போடும் மழைக்கோட்டு அவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். மாலையில் கொட்டகையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள் என்பதால் மேசையில் எதையும் விட்டுவைக்க மாட்டார். பேனா முதல் தேநீர்க் கோப்பை வரை சுவர் அலமாரிக்குள் போய்விடும்.

அந்தத் தோட்டத்துக்கு நான் ஓர் இணையச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். நோய் கண்ட செடிகளை வேலையாட்கள் படம் பிடித்து அதில் போடுவார்கள். நான் ஏதாவது திருத்திச் செயலியைப் புதிதாக ஏற்றும்போதெல்லாம் பழைய படங்கள் காணாமல் போயின. கிளவுடில் இடம் கொடுத்த கம்பெனி மீது பழியைப் போட்டு, மேனேஜரைச் சமாளித்து வந்தேன்.

ஒருநாள் மறுபடி படங்கள் போய், நான் கொட்டகைக்கு வந்திருந்தபோது, கிராணி அலமாரியைப் பூட்டிக்கொண்டே, “அண்ணே, படத்தையும் ஆப் இருக்கிற இடத்துலயேவா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

“ஆமா.”

“புதுசா ஏத்துனா அந்த இடத்த தொடச்சிடும் லா. படத்துக்குத் தனியா ஸ்டோரேஜ் எடுங்க. ஆப்புல லிங்க் மட்டும் இருந்தா போதும். எங்க கோயில் வெப்சைட்டுல திருவிழாப் படமெல்லாம் நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.”

கோலாலம்பூரில் இதையே படித்துப் பட்டம் வாங்கியவன் நான். வயிறு எரிந்தது. “அதத்தான் நானும் யோசிச்சிட்டு இருந்தேன்” என்றேன். அவர் நம்பியதுபோல் தலையாட்டினார்.

அவர் சொன்னபடியே செய்தேன். மேனேஜர் பாராட்டியபோது கிராணியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்றும் எப்போதாவது அந்தக் கோயில் இணையதளத்தைத் திறந்து, ஒரு படமாவது வராமல் போகாதா என்று கடைசிவரை பார்க்கிறேன். எல்லாம் வந்துவிடுகின்றன.