பனியில் தோற்ற பேரரசர்

என் மகள் அப்போது பால்குடி மறக்கவில்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வந்தது சரிதானா என்று பேருந்து முழுக்கக் குழம்பினேன். இப்போது பள்ளி வராந்தாவில், கூட வந்த கணவர் அவளைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார்.

ஒன்பதாம் வகுப்பு. பெரும்பாலும் கூக்கால், கிளாவரை போன்ற மலைக்கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிய விவசாய வீட்டுப் பெண்கள். தலைமையாசிரியையான கன்னியாஸ்திரீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

மகுடத்தைத் தன் கையாலேயே தலையில் வைத்துக்கொண்ட பிரெஞ்சுப் பேரரசரைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் சன்னலைப் பார்த்தார்கள். என் காதோ வராந்தாவில் இருந்தது. ரஷ்யப் பனியில் அவருடைய வீரர்கள் விறைத்துச் செத்ததைச் சொன்னதும் ஒருத்தி எழுந்தாள்.

"வெள்ளனே தண்ணி அடிச்சு விட்டுருக்கலாம்ல டீச்சர்?"

உறைபனி விழுந்தால் வெயில் ஏறுமுன் செடிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், இலை கருகாது. அதைப் படைக்கும் செய்யச் சொல்கிறாள்.

"ஏண்டி, அவங்க என்ன உருளைக்கெழங்கா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"நீ பேசாத. உங்கப்பா தண்ணி அடிக்காமத்தான செடி பூராம் கருகிக் கெடந்துச்சு."

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அதட்டலாமா, விட்டுவிடலாமா? வேலை போயிற்று என்றே நினைத்தேன். பிறகு முதலில் எழுந்தவளிடமே கேட்டேன்.

"பனி வரப்போகுதுன்னா உங்க வீட்டுல கெழங்க எப்ப எடுப்பீங்க?"

"முன்னாடியே வெரசா எடுத்துருவோம் டீச்சர்."

"அந்தப் பேரரசர் தன் படைய அப்படி எடுக்கல. எதிரியோட பெரிய நகரத்தப் பிடிச்சிட்டு, எதிரி வந்து பணிவான்னு காத்திருந்தார். ஊர் எரிஞ்சுது, சாப்பாடு இல்ல. கெளம்புறதுக்குள்ள பனிக்காலம் வந்துருச்சு."

"ஜெயிச்ச திமிரு," என்றாள் அவள். நான் சொல்ல வந்த பாடமே அதுதான்.

அதன்பின் கேள்விகள் நிற்கவில்லை. மனைவிக்குப் பளிங்கில் கல்லறை கட்டிய முகலாயப் பேரரசரை மகனே சிறை வைத்ததைச் சொன்னபோது, "பெத்த மகனா?" என்று மூன்று பெஞ்சுகள் கேட்டன. மணி அடித்தது. ஒருத்தியும் எழவில்லை. வராந்தாவை நான் மறந்தே போயிருந்தேன்.

தலைமையாசிரியை எழுந்து வந்தார். "பக்கத்து செக்‌ஷன்லயும் டீச்சர் இல்ல. இதையே அங்கயும் எடுங்க. வேலை ஆர்டர சாயங்காலம் வாங்கிக்கலாம்."

கணவரிடம் சொன்னேன்.

"சாயங்காலம் வரைக்குமா? அதுவரை நான் பாட்டுப் பாடணுமா?" என்று சிரித்தார்.

ஆசிரியர் அறையில் மகளுக்குப் பால் கொடுத்து அவரிடம் திருப்பித் தந்தேன். அவள் அழவில்லை. பக்கத்து வகுப்புக்குள் போய், வராந்தாப் பக்கக் கதவை நானே சாத்தினேன்.