காலியாகாத இரண்டு வீடுகள்

கணினி அறையின் மேலாளருக்கு என்னைப் பிடிக்காது. அங்கே சேர்வதற்கு முன் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தியவன் என்பதே அவருக்குப் போதுமான காரணம். "ஐசே, இது பேப்பர் ஆபீஸ் இல்ல," என்று அடிக்கடி சொல்வார். எனக்கும் அவரைப் பிடிக்காது. அதை நான் சொன்னதில்லை, அவருக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், ஈப்போ நகரில் எங்கள் நிறுவனம், விற்கப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஆட்களுக்காக ஜெலாப்பாங்கிற்கு அப்பால் வரிசை வீடுகள் கட்டியது. எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்ற விவரம் கணினியில் இருந்தது.

அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்த, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பதினான்காம் எண் வீடு விழுந்தது. பதினைந்து, அதே தோட்டத்தில் அவர்களை மேய்த்த மண்டோருக்கு. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, அந்த மண்டோர் மரம் வெட்டுபவரின் மனைவியிடம் சோற்றுத் தூக்கைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப் பால், திருடுகிறாள் என்று சந்தேகம். தரையில் விழுந்தது சோறு மட்டும்தான்.

வரிசை வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரே சுவர்.

"அவன் அந்தப் பக்கம் இருமினா எனக்கு இந்தப் பக்கம் சோறு எறங்காது. நான் அங்க போக மாட்டேன் லா," என்று அந்த அம்மா எங்கள் கவுண்டரில் நின்று சொன்னார்.

வரிசையின் கடைசியில் நாற்பதாம் எண் கிடைத்த குடும்பத்துக்கு, பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் இருந்த பதினான்கு வேண்டியிருந்தது. இரண்டு குடும்பமும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டன. வேறு சில திருத்தங்களோடு இதையும் துளையிட்ட அட்டைகளாக்கி இயந்திரத்துக்குக் கொடுத்தோம். வேலை முடிந்தது என்று அச்சுப்பொறி ஒரு வரி அடித்தது. மேலாளர் அந்தத் தாளைக் கிழித்தெடுத்தார்.

பத்திரிகையில் அச்சுக்கோப்பவர் "போட்டாச்சு" என்று சொன்னால் நாங்கள் நம்பமாட்டோம். புதிய வரியைக் கோத்து மேசையில் வைத்துவிட்டுப் பழைய வரியையே திரும்பச் செருகியிருப்பார். இன்னொரு மெய்ப்பு எடுத்து, திருத்தம் கேட்ட இடத்தைப் பார்த்த பிறகுதான் பக்கம் நகரும்.

"திருத்தம் கேட்டவங்கள மட்டும் திரும்ப அடிச்சுப் பாத்துடலாம்," என்றேன்.

"முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. கண்ணு தெரியலையா?"

"அட்டையப் படிச்சு முடிஞ்சது. வீடு மாறுச்சான்னு அதுல இல்ல."

"காகிதம் என்ன, ஒங்கப்பன் வீட்டுதா?"

அவர் சாப்பிடப் போனதும் அடித்துப் பார்த்தேன். மற்றவை எல்லாம் மாறியிருந்தன. பதினான்கும் நாற்பதும் பழையபடியே இருந்தன. ஒரே வீட்டில் இரண்டு குடும்பத்தை எழுத அந்த நிரல் விடாது. முதல் அட்டை மரம் வெட்டுபவரை நாற்பதுக்கு அனுப்பியது. அங்கே ஆள் இருந்ததால் தள்ளிவிட்டது. அடுத்த அட்டை நாற்பதுக்காரரைப் பதினான்குக்கு அனுப்பியது. அங்கிருந்தவர் கிளம்பவே இல்லை என்பதால் அதையும் தள்ளியது. தள்ளியதை யாரிடமும் சொல்லவில்லை.

மேலாளர் திரும்பி வந்ததும் காட்டினேன்.

"லிஸ்ட் மேல போயாச்சு. இப்ப மாத்துனா நம்ம தப்புன்னு ஆகிடும்."

"நம்ம தப்புதானே?"

"ஒன் தப்புன்னு எழுதிரவா?"

சனிக்கிழமை அந்தப் பட்டியலின்படியே சாவி கொடுத்தார்கள். அம்மாவின் கையில் பதினான்காம் சாவி. பின்னால் நின்ற மண்டோர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஒரே சொவருதான். இனிமே வீட்டுல இருந்தே ஒன் சோத்துத் தூக்கச் சோதிச்சிக்கிறேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா நேராகக் கவுண்டருக்கு வந்தார்.

"மொதல்ல அந்தச் சாவியக் குடு. நாப்பதும் திரும்பி வரட்டும். அப்புறம் பாக்கலாம்," என்றார் மேலாளர்.

"குடுத்துட்டு எங்க போய்ப் படுக்கிறது? தோட்டத்துல லயத்த இடிச்சாச்சு. நாப்பதக் குடுங்க, இதத் தாரேன்."

"நாப்பது என்கிட்ட இருக்கு," என்றார் வரிசையில் நின்ற இன்னொரு பெண். "பதினாலு கைக்கு வராம நானும் குடுக்க மாட்டேன்."

"அப்ப ரெண்டு பேரும் நில்லுங்க," என்று மேலாளர் கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

சற்று நேரம் நின்றார்கள். பிறகு நாற்பதாம் சாவி வைத்திருந்த பெண், "அக்கா, கையக் காட்டுங்க," என்றார். மேலாளரின் மேசைக்கு முன்னாலேயே சாவிகள் கைமாறின.

"ஏய்! யாரு பெர்மிஷன் குடுத்தது?"

இரண்டு பேரும் வெளியே நடந்தார்கள்.

திங்கட்கிழமை மேலாளர் என் மேசைக்கு வந்து, "மெஷின்லயும் மாத்து," என்றார். இந்த முறை மூன்று அட்டை தயாரித்தேன். முதல் அட்டை மரம் வெட்டுபவரைக் கட்டப்படாத ஒரு வீட்டு எண்ணுக்கு அனுப்பியது.

"இல்லாத வீட்டுல ஆள வைக்கிறியா?"

"பதினாலு காலியாகணும் இல்ல?"

அடுத்த அட்டை நாற்பதுக்காரரைப் பதினான்குக்குக் கொண்டுவந்தது. மூன்றாவது, மரம் வெட்டுபவரை நாற்பதில் சேர்த்தது. திரும்ப அடித்துப் பார்த்தேன். காகிதத்தைப் பற்றி மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுப் பத்திரம் வாங்க அந்த அம்மா வந்தபோது அது மலாய் மொழியில் இருந்தது. மேலாளர் எடுத்து, "நாப்பதுதான் போட்டிருக்கு," என்றார்.

அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கி என் பக்கம் நீட்டினார்.

"நீ படி தம்பி."

படித்தேன். எண் வரும் இடத்தில் விரலை வைத்து இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். மடித்து எடுத்துக்கொண்டு போனார்.