ரேலீன் கிட்டோவின் காற்று வரிசை

கடற்கரை மணலில் வண்டி ஓட்டும் எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில், பொறுப்பாளர்கள் பக்கத்தில், ரேலீன் கிட்டோவின் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: ‘கருவிப் பொறுப்பாளர். இனிய சுபாவம் கொண்டவர். உறுப்பினர்களோடு கலந்து பழகுவதில் பெருவிருப்பம் உடையவர். புதியவர்கள் தயங்காமல் அணுகலாம்.’

இதை எழுதிய செயலாளர் மார்லீன் பொய் சொல்பவர் அல்ல. சோம்பேறி, அவ்வளவுதான். இதே வாசகங்களைப் பொருளாளருக்கும் எழுதியிருந்தார். இறந்துபோன முன்னாள் தலைவருக்கும் எழுதியிருந்தார், அவரையும் தயங்காமல் அணுகலாம் என்று. ஆனால் படத்தில் ரேலீன் முறைக்கிற முறைப்பைப் பார்த்த பிறகும் அந்த வரிகளை நம்பியவர் கடலோரத்து எங்கள் மூன்டா ஊரில் யாருமில்லை.

ரேலீன் முப்பது வருடம் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் கோதுமை சோதித்த பெண்மணி. லாரி வந்து நிற்கும். நீளமான குழாயைக் குவியலுக்குள் செருகி மாதிரி எடுப்பார். ஈரம் அதிகம், தூசி அதிகம் என்று திருப்பி அனுப்புவார். குடியானவர்கள் லாரியின் மேற்பரப்பில் நல்ல கோதுமையைப் பரப்பி வருவார்கள். ரேலீனின் குழாய் அடிவரை போகும். அந்த வட்டாரத்தில் அவரிடம் பொய் சொல்லித் தப்பியவன் இல்லை என்பது பேச்சு. ஓய்வு பெற்றபின் நான்கு சக்கரங்களும் இழுக்கிற, ஜீப் மாதிரியான பழைய வண்டி ஒன்றை வாங்கி எங்கள் சங்கத்தில் சேர்ந்தார். குழாயை மட்டும் மாற்றிக்கொண்டார்.

மணலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: தார்ச்சாலையில் டயருக்கு முப்பத்தாறு பவுண்டு காற்று வேண்டும், கடற்கரை மணலில் அதில் பாதி போதும். இறக்கினால்தான் டயர் ஒட்டகத்தின் பாதம்போலப் பரந்து மணலின் மேல் நிற்கும். திரும்பித் தார்ச்சாலைக்கு ஏறும்போது பழையபடி காற்று அடிக்க வேண்டும். அதற்குத்தான் சங்கத்துக்கென்று ஒரு சிறிய கம்ப்ரசர். அதைச் சுமப்பது வரிசையின் கடைசி வண்டி. கடைசி வண்டி ரேலீனுடையது. முன்னால் போகும் அத்தனை வண்டிகளின் புழுதியும் தன் நுரையீரலில்தான் இருக்கிறது என்று ஒவ்வொரு பயணத்திலும் சொல்வார். ‘அப்படியானால் முன்னால் வாயேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரோடு மூன்று மாதம் பேசமாட்டார். உலகத்தில் அவருக்கென்று மிச்சமிருந்த பதவி அந்தப் புழுதிதான்.

எங்களிடம் எழுதாத விதி ஒன்று உண்டு. கடைசி டயரில் காற்று ஏறும்வரை ஒரு வண்டியும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. நல்ல விதி. ஆனால் சங்கத்தின் கம்ப்ரசர் ஒற்றைப் பிஸ்டன் வைத்தது. கிழவன் மாடியேறுவதுபோல நின்று நின்று ஊதும். ஒரு டயர் நிரம்புவதற்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட ஒரு பேஸ்ட்டியைத் தின்று, கை துடைத்து, இன்னொன்றுக்கு ஆசைப்படலாம். அத்தனை நேரமும் குழாயின் மறுமுனையில் ரேலீன் குனிந்திருப்பார், பேசிக்கொண்டே. உன் ஓட்டுதலைப் பற்றி, உன் நாயைப் பற்றி, உன் மருமகனைப் பற்றி. ஓடிப்போக முடியாது, உன் டயர் அவர் கையில்.

அந்தக் கம்ப்ரசர் கோடையின் முடிவில் புகைந்தது. புதியது வாங்கக் கூட்டம் போட்டோம்.

தலைவர் நெவில் பாஸ்கோ, வீட்டுக்குழாய் வேலை ஒப்பந்தக்காரர், மினுமினுப்பான ஒரு படத்தோடு வந்தார். இரட்டைப் பிஸ்டன். எஞ்சின் மூடிக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்திவிடுவது. யாருடைய வண்டியில் என்று யாரும் கேட்கவில்லை. நெவிலின் வண்டி புதியது.

“நல்லாருக்கு தலைவரே,” என்றார் ரேலீன். “சங்கத்துக் காசுல உன் வண்டிக்கு நகை.”

“அப்ப கடைசி வண்டியா நான் வர்றேன், க்ளப்புக்காக. நீயும் எத்தனை நாள் புழுதி தின்பே?”

“என் புழுதியைப் பத்தி நீ ஏன் கவலைப்படுறே? பழைய கம்ப்ரசர் செத்துப்போச்சுன்னா அதே மாதிரி இன்னொண்ணு வாங்கு. பைக்குள்ள வச்சுத் தூக்கலாம். பேட்டரியில கிளிப்பை மாட்டினா ஊதும். அவ்வளவுதான் வேணும்.”

“ஊதுமா? நான் ஒரு தடவை காத்து அடிச்சு முடிக்கறதுக்குள்ள தாடி வளர்ந்துடுச்சு.”

“வளர்ந்தாத்தான் நல்லது. மூஞ்சி கொஞ்சம் மறையும்.”

புதிதாகச் சேர்ந்த பிரென்டன் ஓப்பி, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், நல்லெண்ணத்தோடு குறுக்கே வந்தார். தன்னிடம் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற குட்டிக் கம்ப்ரசர் இருப்பதாகவும், அதன் பெட்டியில் நூற்றைம்பது பவுண்டு என்று போட்டிருப்பதாகவும் சொன்னார்.

ரேலீன் அவரை ஈரக் கோதுமையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நூத்தம்பது எதுக்குப்பா? ஏரோப்ளேனுக்கா? நமக்கு முப்பத்தாறு போதும். எவ்வளவு அழுத்தும்னு பெட்டியில போடுவான். எவ்வளவு நேரம் மூச்சு வாங்காம ஊதும்னு போடமாட்டான். உன்னுது ரெண்டு டயர் தாங்காது. ஃப்யூஸ் போயிடும்.”

“ஏற்கெனவே போயிடுச்சு,” என்றார் பிரென்டனின் மனைவி டீனா.

முடிவு எதுவும் ஆகவில்லை. அடுத்த பயணத்துக்குள் ரேலீன் பழைய கம்ப்ரசரைத் தானே பிரித்து, பிஸ்டன் வளையம் மாற்றி, உயிர் கொடுத்துக் கொண்டுவந்தார். அது நன்றாக ஊதினால் அதே மாதிரி இன்னொன்று, படுத்துவிட்டால் நெவிலின் நகை. கடைசி வண்டி யாருடையது என்பதும் அதிலேயே அடங்கும். எல்லோருக்கும் அது தெரியும். ரேலீனுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

கடற்கரை வாசலில் அவரவர் காற்றை இறக்கிக்கொண்டு, டயரில் எவ்வளவு மிச்சம் என்று ரேடியோவில் கடைசி வண்டிக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தன்றும் சொன்னோம். நெவில், பதினெட்டு. மார்லீன், பதினெட்டு. ஓப்பி, பதினெட்டு. தேவாலயத்தில் ஆமென் சொல்வதுபோல எல்லோரும் ஒரே குரலில் பதினெட்டு.

பாதி தூரத்தில், கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கிற இடத்துக்குக் கீழே, ஓப்பியின் வண்டி அச்சுவரை புதைந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. கடைசி வண்டி என்பதால் ரேலீன்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். அளவுமானியை வால்வில் அழுத்தினார். பார்த்தார். இன்னொரு டயரில் அழுத்தினார்.

“பதினெட்டுன்னு சொன்னே.”

பிரென்டன் மண்வெட்டியோடு நின்றார். “ஆமா.”

“முப்பது இருக்கு.”

“இருக்கலாம்.”

“என்ன இருக்கலாம்? உனக்கு எண்ணத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல என்ன சொல்லித்தர்றே, குதிக்க மட்டுமா?”

அலை ஒன்று வந்து பின்சக்கரத்தை நக்கிவிட்டுப் போனது. டீனா அதைப் பார்த்தார். பிறகு ரேலீனைப் பார்த்தார்.

“நான்தான் எறக்க வேண்டாம்னு சொன்னேன்,” என்றார். “நிறைய எறக்கினா சாயங்காலம் நிறைய அடிக்கணும். அவ்வளவு நேரம் உங்க முன்னாடி நிக்கணும். போன தடவை எங்கம்மாவைப் பத்திப் பேசினீங்க. அவங்களை நீங்க பார்த்ததுகூட இல்லை.”

முன்னால் போன வண்டிகள் உதவிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. ரேலீன் அளவுமானியோடு அவற்றை நோக்கி நடந்தார். வந்து நின்ற ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் போய்க் குனிந்தார். மார்லீனின் டயரில் இருபத்தாறு. நெவிலினுடையதில் இருபத்தெட்டு. பதினெட்டு இருந்தது ஒரே வண்டியில், ரேலீனுடையதில்.

“நீயுமா?” என்றார் நெவிலிடம்.

“உன் வரிசையில நிக்கறதுக்கு மணல்ல மாட்டிக்கறது மேல்,” என்றார் நெவில். அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. அதனால் அது இன்னும் கெட்டதாகக் கேட்டது. சுற்றி நின்ற ஒருவரும் மறுக்கவில்லை. நானும்தான்.

முப்பது வருடம் கோதுமையில் பொய்யைக் கண்டுபிடித்தவரிடம் ஒரு சங்கமே பல வருடங்களாகப் பொய் சொல்லியிருக்கிறது. மாலையில் முப்பத்தாறு வந்துவிட்டதா என்றுதான் அவர் பார்ப்பார்; அதற்கு முன்னால் எங்கள் டயர்களை அளந்து பார்த்ததே இல்லை. எங்களை நம்பியிருந்தார். உலகத்தில் யாரையும் நம்பாதவர் என்று நாங்கள் கட்டிவைத்திருந்த பெயருக்கு இது பொருந்தவில்லைதான்.

“எல்லாரும் பதினஞ்சுக்கு எறக்குங்க,” என்றார். “தண்ணி வருது.”

இறக்கினோம். தோண்டினோம். சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, கயிறு கட்டி, நெவிலின் புதிய வண்டியும் ரேலீனின் பழைய வண்டியும் சேர்ந்து இழுத்தன. கதவின் அடிவிளிம்பைத் தண்ணீர் தொட்ட பிறகுதான் ஓப்பியின் வண்டி மேலேறியது. டீனா அழுதார். நன்றி சொல்லப் போனவரை ரேலீன் கை காட்டி நிறுத்தினார். “உப்புத்தண்ணி. வீட்டுக்குப் போனதும் அடியைக் கழுவு. இல்லேன்னா துருப்பிடிக்கும்.”

மாலையில் எல்லா வண்டிகளுக்கும், முதல் முறையாக, உண்மையிலேயே முழு அளவு காற்று தேவைப்பட்டது. பழைய கம்ப்ரசர் மூன்றாவது வண்டியின் பாதியில் ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. மறுபடி எழவில்லை. ரேலீன் அன்று யாருடைய மருமகனைப் பற்றியும் பேசவில்லை. விதிப்படி யாரும் முந்திப் போகவில்லை. சப்பை டயர்களோடு, விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு, சவ ஊர்வலம்போல ஊர் பெட்ரோல் நிலையம்வரை ஊர்ந்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு நெவில் ஜெயித்தவரைப்போல இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார்.

ரேலீன் முதலில் எழுந்தார். “இரட்டைப் பிஸ்டன் வாங்குங்க,” என்றார். “ஒற்றை ஆகாது. மெதுவா ஊதினா ஜனங்க காத்தை எறக்க மாட்டாங்க. எறக்கலேன்னா மாட்டுவாங்க.”

“இதைத்தானே நான் சொன்னேன்,” என்றார் நெவில்.

“நீ சொன்னது உன் வண்டிக்குள்ள. நான் சொல்றது பைக்குள்ள. உன் வண்டி மாட்டிக்கிட்டா கம்ப்ரசரும் சேர்ந்து மாட்டிக்கும். அன்னிக்கு இருபத்தெட்டுல ஓட்டினவன் நீ. மாட்டாம வந்தது அதிர்ஷ்டம், அறிவு இல்ல.”

நெவில் சிவந்தார். ஆனால் வாதம் நேரானது; கைகள் உயர்ந்தன. பைக்குள் வைக்கிற இரட்டைப் பிஸ்டன் முடிவாயிற்று.

“சரி, பை யார் வண்டியில?” என்றார் நெவில், பதில் தெரிந்தவர் கேட்பதுபோல. “உன்னுதுலதானே?”

“உன்னுதுல வச்சுக்கோ. கடைசி வண்டி இனிமே நீதான். புழுதி நல்லாருக்கும், தின்னு பாரு.”

மார்லீன் எழுதுவதை நிறுத்திவிட்டு, சரியாகத்தான் கேட்டாரா என்று எங்களைப் பார்த்தார். டீனா மெதுவாக, “நீங்க போகணும்னு யாரும் சொல்லலையே,” என்றார்.

“நீதான் சொன்னே,” என்றார் ரேலீன். “உட்காரு.”

கோபம் தணிந்ததென்று யாரும் எண்ண வேண்டாம். அன்று தேநீர் நேரத்தில் மார்லீனின் பேஸ்ட்டியில் உருளைக்கிழங்கு வேகவில்லை என்றார். அது உண்மையும்கூட. ஆண்டு மலரின் அடுத்த பதிப்பிலும் அதே வாசகங்கள்தான் வந்தன: இனிய சுபாவம், கலந்து பழகுதல், பெருவிருப்பம்.

அந்த ஈஸ்டர் சனிக்கிழமை, அடுத்த பயணத்துக்கு, ரேலீன் கிட்டோ எல்லோருக்கும் முன்பாகக் கடற்கரை வாசலுக்கு வந்து, ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் மண்டியிட்டு, ஒவ்வொரு டயரிலும் பதினெட்டு வரும்வரை தன் கையாலேயே காற்றை இறக்கினார். மாலையில் புதிய கம்ப்ரசரின் குழாயை டீனாவின் கையில் கொடுத்துவிட்டு, கடைசி டயர் நிரம்பும்வரை தன் வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.