கேக்கில் செய்த கிடா

கேக் அலங்காரம் பூத்தொடுப்பது போல நளினமான வேலை என்று வீடியோவில் சிரித்துக்கொண்டே காட்டுகிற பெண்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் உருவக் கேக் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது சுத்தமான கசாப்பு வேலை.

என் மகள் பிறந்தநாளுக்கு ஆட்டுக் கேக் கேட்டாள். பாகூர் பேக்கரியில் கார் கேக் உண்டு, பொம்மைக் கேக் உண்டு, ஆடு கிடையாது. அதுவும் கறுப்புக் கிடாவாம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்க வேண்டுமாம். எந்தக் கிடா என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்த கிடா. கரும்பு லோடு சரிந்ததில் என் வீட்டுக்காரர் உயிர் பிழைத்ததற்காகக் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவும் அதுதான். ஆடி மாதம் கோயிலில் வெட்டினோம். அவருடைய அண்ணன் கத்தியை வீச, என் வீட்டுக்காரர் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பார்க்கக் கூடாதென்று பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். அவள் ஓடி வந்து கூட்டத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து அப்பன் கையால் ஒரு பருக்கை வாங்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் அவர் தட்டில்தான் அவளுக்கு முதல் வாய். இவள் ஒரு வாய் அவருக்கு ஊட்டிவிடுவாள். அந்த மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊரே அறியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இடிந்துபோனார். கேக் வெட்டினால் முதல் துண்டை அப்பாவுக்கு ஊட்டித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டார். “நல்லா பெருசா செய்டி, அவ கையால ஒரு வாய் சாப்டா போதும் எனக்கு” என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

சிவப்புக் கேக் செய்யக் கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. வெனிலாதான். குக்கரில் அடி கனக்க உப்பைப் பரப்பி, வட்டமாகவும் நீளமாகவும் சுட்டு ஆறவைத்தேன். பிறகு அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தொடைக்கு ஒரு சீவு, வயிற்றுக்கு ஒரு சீவு. நாலு காலில் நிற்காது என்பதால் மடக்கிப் படுக்கவைத்தேன். தலை மட்டும் நிற்கவே மாட்டேன் என்றது. மூங்கில் குச்சியைக் கூர் சீவி, கழுத்து வழியாக உள்ளே இறக்கினேன். அது சதக்கென்று இறங்கியது. மேலே கோகோவைக் கறுக்கக் கலந்த க்ரீமைப் பூசி, முள்கரண்டியால் இழுத்து ரோமம் செய்தேன். நெற்றியில் வெள்ளை க்ரீமால் ஒரு பொட்டு. சாக்லேட் உருண்டை வைத்ததும் கண் திறந்த மாதிரி ஆகிவிட்டது. அப்படியே அந்தக் கிடா. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவருடைய அண்ணனும் வந்தார், கொஞ்சம் போட்டுக்கொண்டுதான். கேக்கைப் பார்த்ததும், “கழுத்துல வையிமா, ஒரே வெட்டு!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். கேக்கோடு கொடுக்கிற ப்ளாஸ்டிக் கத்தி கிடைக்காமல் என் வீட்டுக்காரர் காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்தார். மகள் அதை வாங்கவில்லை. உள்ளே போனாள். ஒரு செம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீரோடு வந்து, அப்படியே கிடாவின் தலையில் ஊற்றினாள்.

எங்கள் பக்கம் கோயிலில் கிடாவை எடுத்த எடுப்பில் வெட்ட மாட்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். அது தலையை ஆட்டி உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் அதையும் பார்த்திருக்கிறாள்.

க்ரீம் கரைந்து மேசையில் ஒழுகியது.

“சிலுப்பல. வெட்டக் கூடாது” என்றாள்.

“இன்னாடி வெளையாட்டு இது?” என்று என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து, கத்தியை அதில் திணித்து, தன் கையால் மேலே அமுக்கினார். “வெட்டு! வெட்டி அப்பாக்கு ஊட்டு!” அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். விட்டார் ஒரு அறை. மேசை விளிம்பில் மோதி உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தெருப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

அவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினேன். என் உள்ளங்கை கிழிந்ததுகூட அப்போது தெரியவில்லை. “இன்னொரு தபா அவ மேல கைய வச்ச, கேக்க இல்ல, உன்னத்தான் வெட்டுவேன்” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை ‘நீ’ என்று சொன்னது அன்றைக்குத்தான். சொன்னதுபோலச் செய்திருப்பேன், சத்தியமாக.

அண்ணன்காரருக்குப் போதை இறங்கிவிட்டது. “டேய், வுட்டுடுடா. உத்தரவு இல்லாம வெட்டக் கூடாதுதான்” என்று முனகிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகள் அழவில்லை. உதட்டைப் பாவாடையால் துடைத்துக்கொண்டு அப்பனை நிமிர்ந்து பார்த்தாள். “என்ன அடிச்சியே, நான் சிலுப்புனனா?”

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

கேக்கை யாரும் வெட்டவில்லை. புழுக்கத்தில் தலை சாய்ந்து குச்சி வெளியே தெரிந்தது. கொண்டுபோய் வாய்க்கால் ஓரம் கொட்டிவிட்டு வந்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சோறு வடித்தேன். அவர் தட்டைப் பிடித்தபடி சமையலறையில் வந்து நின்றார். “நீ சொன்னா கேப்பா. ஒரு வாய் வாங்கிக்கச் சொல்லுடி” என்று கெஞ்சினார்.

“என்ன ஏன் கேக்கற? அவளக் கேளு. அவ தல ஆட்டற வரைக்கும் நில்லு” என்றேன்.

போய்க் கேட்டார். சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தலையை ஆட்டவில்லை.