அம்மா செய்த கிடார்

இன்று அலுவலகத்தில் புதிய அலமாரிக்காகப் பலகை அறுத்தார்கள். மரம் லேசாகக் கருகிய வாசனை வந்ததும், துபாயின் தேரா பகுதியில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டின் சமையலறைக்குப் போய்விட்டேன். அப்போது நான் ஆறாம் வகுப்பில் படித்தேன்.

பக்கத்து ஃபிளாட்டில் இருந்த ஆஸ்திரேலியத் தம்பதி ஊர் திரும்பும்போது, கிடார் செய்ய வைத்திருந்த தங்கள் நாட்டுப் பலகைகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முகப்புக்கு வெளிர் நிறப் பன்யா பைன் மரம், மற்றதற்கெல்லாம் தேன் நிற பிளாக்வுட் மரம். கோவையில் மெக்கானிக்கல் படித்த அம்மாவுக்கு துபாயில் வேலை கிடைத்திருக்கவில்லை. அவள் கிடார் செய்யச் சொல்லித்தரும் ஒரு புத்தகத்தைப் பார்த்து, பால்கனியில் உட்கார்ந்து இழைக்கத் தொடங்கினாள்.

பக்கப் பலகைகளை வளைப்பதுதான் கஷ்டம். நனைத்து, அடுப்பில் காய்ச்சிய இரும்புக் குழாயின்மேல் அழுத்த வேண்டும். முதல் பலகை பட்டென்று உடைந்தது. தேவை இரண்டு. மிச்சமிருந்ததும் இரண்டுதான்.

"விடு சுமதி, கடையில ஒண்ணு வாங்கிக்கலாம்," என்றார் அப்பா.

"வாங்கறதுக்கா இத்தனை மாசம் இழைச்சேன்? ஏசிய ஆஃப் பண்ணுங்க, பலகை சீக்கிரம் ஆறிப்போகுது."

ஜூலைப் புழுக்கத்தில் மூவரும் வியர்வையில் குளித்தோம். அம்மா அவசரப்படவே இல்லை. மரம் கைக்கு இளகும்வரை பொறுத்து, மெல்ல மெல்ல அழுத்தினாள். இரண்டும் கீறல்கூட இல்லாமல் வளைந்தன.

சில வாரங்கள் கழித்துக் கம்பிகளை முறுக்கி ஒருமுறை மீட்டினாள். ஹால் முழுக்க நாதம் நிறைந்தது. அப்பா எழுந்துபோய் வாசல் கதவை அகலமாகத் திறந்தார். எதிர் ஃபிளாட் பாகிஸ்தானியர் எட்டிப் பார்த்தார்.

"புதுக் கிடாரா, பாய்? எங்கே வாங்கினீர்கள்?" என்று உருதுவில் கேட்டார்.

"வாங்கவில்லை. என் மனைவி செய்தது!" என்று அப்பா தன் அரைகுறை இந்தியில் சொன்னது, அந்த மாடி முழுக்கக் கேட்டது.